பாவ்லிக் பெல்ட்: பொருள் நல்லது, இறுக்கினால் கெட்டது

இடுப்பு மூட்டின் கிண்ணம் சரியாக வளராமல் ஆழம் குறைந்திருக்கும் குழந்தைக்கு, ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படுவது பாவ்லிக் ஹார்னஸ் என்ற வார் பெல்ட். செக் நாட்டு எலும்பு மருத்துவர் ஆர்னால்ட் பாவ்லிக் வடிவமைத்தது. மாவுக்கட்டு மாதிரி காலை அசையவிடாமல் பிடிக்காது. மடங்கி விரிந்த நிலையிலேயே உதைக்க விடும். தொடை எலும்பின் பந்து உள்ளே உட்கார்ந்து அசைந்தால்தான் கிண்ணம் குழிந்து வளரும்.

நெஞ்சுப் பட்டை, முதுகில் குறுக்கே போகும் தோள் வார்கள், கால் உறைகள், ஒவ்வொரு காலுக்கும் முன் வார், பின் வார். அவ்வளவுதான் சாமான். சைஸை வயதை வைத்து வாங்க வேண்டாம்; முலைக்காம்பு மட்டத்தில் நெஞ்சுச் சுற்றளவை அளந்து, அந்தக் கம்பெனியின் அட்டவணையில் பாருங்கள்.

முன் வார் இடுப்பை 90 முதல் 100 டிகிரி வரை மடக்கி வைக்கும். அதற்கு மேல் இழுத்தால் தொடை நரம்பு அழுந்தும். குழந்தை முழங்காலை நீட்டி உதைப்பதை நிறுத்தினால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். இன்னும் வில்லங்கம் பின் வாரில். அது காலை அகட்ட அல்ல, இரண்டு காலும் ஒட்டாமல் தடுக்க மட்டுமே. 'நல்லா விரியட்டும்' என்று இறுக்கினால் பந்துக்குப் போகும் ரத்தம் குறைந்து எலும்பே செத்துப்போகலாம். அதனால் ஆன்லைனில் வாங்கினாலும் முதல் தடவை மாட்டுவது டாக்டர்தான். அவர் செட் செய்த இடத்தில், ஒவ்வொரு வாரிலும் அழியாத மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெல்க்ரோவில் பஞ்சு அடைத்துப் பிடி தளர்ந்தால் அந்தக் கோடுதான் காட்டிக்கொடுக்கும்.

கால் உறையின் மேல் பட்டை முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நிற்க வேண்டும்.

உள்ளே பருத்திச் சட்டையும் நீள சாக்ஸும். டயப்பர் வார்களுக்கு அடியில் போகட்டும், பெல்ட்டைக் கழற்றாமலே மாற்றலாம். கணுக்காலைப் பிடித்துத் தூக்காமல் பிட்டத்துக்கு அடியில் கை கொடுங்கள். நம் ஊர் வெயிலில் கழுத்து, முழங்காலின் பின்மடிப்பு சீக்கிரம் புண்ணாகும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள், பவுடர் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் காலை நீட்டி நீவுவதும், கால்களைச் சேர்த்துத் துணியில் சுற்றுவதும் கூடவே கூடாது. பாட்டி கோபித்தாலும் பரவாயில்லை.

இரட்டை டயப்பர் இதற்கு மாற்றாகாது. மூட்டு விலகியிருந்த குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்திலும் பந்து உள்ளே வரவில்லை என்று ஸ்கேன் சொன்னால், பெல்ட்டை நிறுத்திவிடுவார்கள். தொடர்ந்து போட்டால் கிண்ணத்தின் பின் விளிம்பு தேய்ந்து, அடுத்த சிகிச்சையும் கடினமாகும்.