பயறா, புழுவா: வகுப்பில் எதை வளர்க்கலாம்?

உயிரியலைக் கையால் செய்து பார்க்கலாம் என்றதும் பெரும்பாலான வகுப்புகளில் வந்து நிற்பது பச்சைப்பயறு. கொஞ்சம் துணிந்த ஆசிரியர்கள் பட்டாம்பூச்சிப் புழு வளர்ப்பார்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எது?

பயறு என்றாலே "இதை எங்க அம்மா தினமும் செய்றாங்க மிஸ்" என்பார்கள் பிள்ளைகள். நியாயம்தான். ஈரத்துணியில் கட்டி, முளையைப் படம் வரைந்து, மார்க் போட்டு முடித்தால் அது சமையல். இரண்டு டப்பா வைத்தால் கதையே வேறு. இரண்டிலும் ஒரே பயறு, ஒரே அளவு தண்ணீர். ஒன்று ஜன்னலோரம், இன்னொன்று அலமாரிக்குள். எது உயரமாக வளரும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். வெயில் பட்டதுதான் என்று வகுப்பே எழுதும். ஒரு வாரம் கழித்து அளந்தால் ஜெயித்திருப்பது இருட்டுச் செடி: வெளிறிப்போய், மெலிந்து, ஒடிந்து விழுகிற மாதிரி, ஆனால் உயரம். வித்திலையில் இருக்கும் சேமிப்பையெல்லாம் வெளிச்சம் தேடி நீளுவதிலேயே செலவழிக்கிறது. பச்சையம் உண்டாக வெளிச்சம் வேண்டும், அது கிடைக்கவில்லை. அங்கேதான் சண்டை தொடங்கும், அதுதான் பாடம்.

கண்ணாடி டம்ளரின் உட்புறம் ஈரத்தாளைச் சுருட்டி வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பயறைச் செருகினால் வேரும் தெரியும். வேர் இரண்டு விரல்கடை இறங்கியதும் டம்ளரைப் படுக்க வையுங்கள். மறுநாள் காலையில் நுனி கீழ்நோக்கித் திரும்பியிருக்கும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆளுக்கொரு டம்ளர் கொடுக்கலாம்.

புழுவில் இந்த வசதி இல்லை. நாற்பது பேருக்கு நாலைந்து புழுதான் கிடைக்கும், எதையும் மாற்றிப் பார்க்கவும் முடியாது. ஆனால் ஈர்ப்பில் பயறு அதன் பக்கத்தில் நிற்காது. கறிவேப்பிலைத் தளிரில் வெளிர்மஞ்சள் உருண்டையாக ஒற்றை ஒற்றையாக முட்டை இருக்கும். முதலில் பறவை எச்சம் போலத் தெரியும் புழு, பிறகு தோலுரித்துப் பச்சையாகிறது. லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் விடும். கடைசி பெஞ்சும் எழுந்து வந்துவிடும்.

தொல்லைகளும் உண்டு. கடைக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து இருந்தால் புழு செத்துவிடும்; மருந்தடிக்காத செடி வேண்டும். பெரிய புழுவாகப் பிடித்து வந்தால் உள்ளே ஒட்டுண்ணிக் குளவி ஏற்கெனவே முட்டையிட்டிருக்கலாம், முட்டையிலிருந்தே தொடங்குவது நல்லது. எருக்கஞ்செடிப் புழு அழகுதான், ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். அப்புறம், பட்டாம்பூச்சி வெளிவர ஞாயிற்றுக்கிழமையைத்தான் தேர்ந்தெடுக்கும்!

கொசுப்புழுவைப் பாட்டிலில் வளர்க்கும் யோசனையையும் சிலர் சொல்கிறார்கள். டெங்கு காலத்தில் அதெல்லாம் வேண்டாத வேலை.

ஆறாம் வகுப்புக்கு மேல் என் ஓட்டு பயறுக்கே. நான்காம், ஐந்தாம் வகுப்பில் தேதி போட்டு, பார்த்ததை எழுதப் பழகினாலே போதும், அதற்குப் புழுதான் சரி. மழைக்குப் பிறகு கறிவேப்பிலை துளிர்க்கும்போது தொடங்கினால் இலைக்குப் பஞ்சம் வராது. முட்டையிலிருந்து சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், அரையாண்டுத் தேர்வு நடுவில் வருகிறதா என்று காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.