வீட்டிலிருந்து லாஜிஸ்டிக்ஸ் பேக்எண்ட் வேலை: இந்தியக் கம்பெனியா, அமெரிக்கக் கம்பெனியா?

கோவையிலோ திருநெல்வேலியிலோ வீட்டிலிருந்தபடி சரக்குப் போக்குவரத்துக்கான (லாஜிஸ்டிக்ஸ்) மென்பொருள் எழுத நினைக்கும் பேக்எண்ட் டெவலப்பருக்கு, அதாவது திரைக்குப் பின்னால் சர்வரில் ஓடும் பகுதியை எழுதுபவருக்கு, முக்கியமாக இரண்டு வழிகள். இந்திய லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் முழுநேர ஊழியராகச் சேரலாம். அமெரிக்கக் கம்பெனிக்கு ஒப்பந்த முறையில் வேலை பார்க்கலாம். டாலரைப் பார்த்ததும் பலரும் இரண்டாவதற்குத் தாவுகிறார்கள். முதல் சில வருடங்களுக்கு முதலாவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

காரணம், இங்கே களத்தை நேரில் பார்க்கலாம். பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்பும் கிடங்கான ஹப்பில், தகரக் கூரைக்கு அடியில் சிக்னல் போய்விடும். ஸ்கேனர் பதிவுகளைத் தன்னிடமே வைத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். அதற்குள் டெலிவரி செய்பவர் பார்சலைக் கொடுத்து, 'டெலிவரி ஆனது' என்று பதிந்தும் இருப்பார். பதிவு வந்து சேர்ந்த வரிசையையே சர்வர் நம்பினால், பார்சலைப் பிரித்துக்கொண்டிருக்கும் வாடிக்கையாளருக்கு 'ஹப்பிலிருந்து கிளம்பியது' என்று மெசேஜ் போகும். ஸ்கேன் செய்த நேரம் வேறு, சர்வருக்கு வந்த நேரம் வேறு. இரண்டையும் டேட்டாபேஸில் தனித்தனியே வைக்க வேண்டும். ஒரே பதிவு இரண்டு முறை வந்தாலும் கேஷ் ஆன் டெலிவரி வசூல் இரண்டு முறை ஏறக் கூடாது. பஸ் ஏறிப் பக்கத்து ஹப்புக்குப் போய் அரை நாள் நின்று பார்த்தால் இதெல்லாம் மனதில் பதியும். டெக்சாஸில் இருக்கும் கிடங்கை அப்படிப் போய்ப் பார்க்க முடியாது.

சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணு அனுமதிச் சீட்டான இ-வே பில்லும் அப்படித்தான். பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு அது வேண்டும். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கெடு. லாரி வழியில் பழுதாகிச் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், புது வண்டி எண்ணை அந்த பில்லில் வண்டி விவரத்துக்கான பகுதி பி-யில் சேர்க்க வேண்டும். லாரி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் கேட்டாலே பாதி விதிவிலக்குகள் தெரிந்துவிடும்.

அமெரிக்க வேலையில் வேறு பாடம் கிடைக்கும். அங்கே கம்பெனிகளின் கணினிகள் ஆவணங்களைப் பரிமாறிக்கொள்ளும் இடிஐ வடிவம் இன்னும் பரவலாகப் புழங்குகிறது; ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு எண்: லோடு கொடுக்க 204, ஏற்க அல்லது மறுக்க 990, நிலவரம் சொல்ல 214, பில்லுக்கு 210. சரக்கு லாரி ஓட்டுநர் பணி தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் வண்டி ஓட்டலாம் என்ற விதியை மதித்துத்தான் வழித்திட்டம் போட வேண்டும். விதிகள் எழுத்தில் தெளிவாக இருப்பதால் தூரத்திலிருந்தும் வேலை ஓடும்.

இடிப்பது நேரம்தான். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கோடையில் இங்கே மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காரும்போது நமக்கு மீட்டிங் தொடங்கும். இந்தியக் கம்பெனியிலும் தீபாவளி விற்பனை சமயத்தில் தூக்கம் கெடும்; ஆனால் அப்போது மொத்த டீமும் விழித்திருக்கும்.

பணத்தையும் முழுதாகக் கணக்குப் போட வேண்டும். ஒப்பந்த வேலையில் பொதுவாக பிஎஃப், கிராஜுவிட்டி, சம்பளத்தோடு விடுப்பு எதுவும் இல்லை. மருத்துவக் காப்பீடும் நம் செலவு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஏற்றுமதிச் சேவைக்கு வரி பூஜ்யம்தான் என்றாலும், வரி கட்டாமல் பில் போட எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தை ஒவ்வொரு நிதியாண்டும் தாக்கல் செய்ய வேண்டும்.

களத்தை அறிந்தபின் அமெரிக்க வாய்ப்பு வந்தால் தயங்காமல் எடுக்கலாம். வேலை நேரத்துக்கு வெளியே கோளாறு வந்தால் கவனிக்கும் ஆன்-கால் யார் முறை, எத்தனை நாளில் பணம் வரும், நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.