ஊட்டிக் குளிரில் ஒரு தகரக்கூரை வீடு: ஹீட்டரும் கரன்ட் பில்லும்

சுற்றுலா வருபவர்கள் இரண்டு நாள் குளிரை ரசித்துவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கிவிடலாம். ஊட்டியிலேயே குடியிருப்பவர்களுக்கு நவம்பர் நடுவில் நீர்ப்பனி தொடங்கி, அப்புறம் உறைபனியாகி, பிப்ரவரி வரை நீளும். சமவெளியிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஹீட்டர் வாங்கலாம்?" என்றுதான். பழைய தகரக்கூரை வீட்டில், வயதான அம்மாவை வைத்துக்கொண்டு பல குளிர்காலங்களைக் கடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஹீட்டர் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் சின்ன ஹீட்டரே போதும், பில்லும் பயமுறுத்தாது.

முதலில் இந்த ஊர்க் குளிரின் குணத்தைப் பார்ப்போம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி வடக்கில்தான். அதனால் ஜனவரியிலும் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டிப் போகும். பொழுது சாய்ந்ததும் நிலைமை மாறிவிடும். மேகமில்லாத ராத்திரியில் தரையும் கூரையும் பகலில் வாங்கிய சூட்டை வானத்தை நோக்கி விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். தலைக்குந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கிற அதே விடியலில், மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் வெறும் ஈரம் மட்டும் இருப்பது இதனால்தான். வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள், ஒரே வாடகையில் பள்ளத்து வீடும் மேட்டு வீடும் கிடைத்தால் யோசிக்காமல் மேட்டு வீட்டை எடுங்கள்.

அடுத்து, தெற்கு ஜன்னல். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், தெற்கு ஜன்னல் வழியாக வெயில் அறைக்குள் வெகுதூரம் வரும். எங்கள் வீட்டில் அம்மாவின் கட்டில் முன்பு வடக்கு அறையில் இருந்தது. அதைத் தென்மேற்கு அறைக்கு மாற்றினோம். செலவு எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு அம்மா, "கால் விறைக்குது" என்று சொல்வது குறைந்துவிட்டது. காலையில் பனி விலகியதும் திரையை முழுக்கத் திறந்துவிடுவோம். சாயங்காலம் நான்கு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, எல்லா ஜன்னலையும் சாத்தித் திரையை இழுத்துவிடுவோம். இருட்டும் வரை திறந்து வைத்திருந்தால் பகல் முழுக்கச் சேர்ந்த சூடு அரை மணி நேரத்தில் போய்விடும். திரை கனமாக இருக்க வேண்டும். நாங்கள் பழைய கம்பளிகளை திரைக்குப் பின்னால் இரண்டாவது அடுக்காகத் தைத்துவிட்டோம்.

இனி இடுக்குகள். பழைய ஊட்டி வீடுகளின் மர ஜன்னல்களும் கதவுகளும் மழைக்காலத்தில் உப்பி, பனிக்காலத்தில் சுருங்கி, சட்டத்தோடு சரியாகப் பொருந்தாமல்தான் இருக்கும். எங்கே காற்று வருகிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். ராத்திரி ஃபேன் எதுவும் ஓடாதபோது, பத்தியை ஏற்றி ஜன்னல் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். புகை நேராக மேலே போனால் சரி. திடீரென்று அறைப்பக்கமாக வளைந்து ஓடினால் அங்கே இடுக்கு இருக்கிறது. எங்கள் வீட்டில் மோசமான இடம் ஜன்னலே இல்லை. வாசல் கதவின் அடியும், சுவரில் ஒயர் நுழைகிற ஓட்டையும்தான். கதவு அடிக்கு ரப்பர் பட்டை, ஜன்னல் சட்டத்துக்கு ஒட்டும் ஃபோம் டேப், ஒயர் ஓட்டைக்குக் கொஞ்சம் புட்டி. ஹார்டுவேர் கடையில் இதெல்லாம் சேர்த்தே ஒரு நல்ல கம்பளியின் விலைகூட ஆகவில்லை. ஃபோம் டேப் மட்டும் நிரந்தரமில்லை. தென்மேற்குப் பருவமழை முடியும்போது பசை விட்டுப்போயிருக்கும். அக்டோபரில் புதிதாக ஒட்டியாக வேண்டும். சமையலறை, குளியலறை காற்றுத்துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். கேஸ் அடுப்புக்கும் ஈரம் வெளியேறவும் அவை வேண்டும். அடைத்தால் பூஞ்சை சுவரேறிவிடும்.

பணம் கொஞ்சம் கூடுதலாகச் செலவானது சீலிங்கில். தகரக்கூரைக்கு அடியில் பலகை சீலிங் இருக்கிறதே, அதற்கு மேல் வெறும் வெற்றிடம்தான். சூடான காற்று மேலே போகும். பலகை இடுக்கு வழியாக ஏறித் தகரத்தைத் தொட்டுக் குளிர்ந்துபோகும். தெளிந்த ராத்திரிகளில் தகரம் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதன் உள்பக்கத்தில் ஈரம் முத்து முத்தாகக் கோத்து, விடிகாலையில் பலகை மேல் டொக் டொக்கென்று சொட்டும். மழையில்லாத நாளில் கூரை ஒழுகுகிறது என்று பலர் ஆளைக் கூப்பிடுவது இதற்குத்தான். நாங்கள் பலகைக்கு மேலே முதலில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அதன் மேல் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) சுருளைப் பரப்பினோம். ஷீட் அறைப்பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் வீட்டு ஈரம் மேலே ஏறாது. கூரை ஓரத்தில் காற்று போகும் இடைவெளியை அப்படியே விட்டுவிட வேண்டும். கையுறை, முகக்கவசம் இல்லாமல் கிளாஸ் வூலைத் தொடக்கூடாது. நாள் கணக்கில் அரிக்கும். தெர்மகோல் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பழைய ஒயர் ஓடும் இடத்தில் அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் அது.

சீலிங் வேலை முடிந்த அந்தக் குளிர்காலத்தில்தான் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. ராத்திரி பத்து மணிக்கு ஹீட்டரை நிறுத்தினால் முன்பெல்லாம் பதினொன்றுக்கே அறை ஜில்லிட்டுவிடும். இப்போது தூங்கிப்போகும் வரை இதம் இருக்கிறது. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். எங்கள் வீட்டுக்காரர் பாதிச் செலவை வாடகையில் கழித்துக்கொண்டார்.

இந்த மலையின் பழங்குடியான தோடர்களின் பழைய குடிசையைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. பாதிப் பீப்பாய் வடிவக் கூரை, தடித்த புல் வேய்ச்சல், ஜன்னலே கிடையாது, தவழ்ந்துதான் நுழைய முடிகிற வாசல். உள்ளே இருக்கிற காற்றின் அளவு குறைவு, வெளியேற வழியும் குறைவு. நாம் வெள்ளைக்காரர் காலத்து உயர்ந்த சீலிங்கையும் பெரிய ஜன்னலையும் வைத்துக்கொண்டு அவ்வளவு காற்றையும் கரன்டால் சூடாக்கப் பார்க்கிறோம்.

சரி, ஹீட்டருக்கு வருவோம். கடைக்காரர் சொல்வதில் ஒன்றை மட்டும் மறந்துவிடுங்கள்: "இது கரன்ட் கம்மியா இழுக்கும், ஆனா சூடு அதிகம்." எந்த மின்சார ஹீட்டரும் ஒரு யூனிட்டுக்கு ஒரே அளவு சூட்டைத்தான் தரும். உள்ளே எண்ணெய் அடைத்த ஆயில் ஹீட்டர் ஆனாலும், சிவப்பாக எரிகிற ராட் ஹீட்டர் ஆனாலும், ஃபேன் புளோயர் ஆனாலும் கணக்கு ஒன்றுதான். எதுவும் ஆக்சிஜனை எரிப்பதுமில்லை. தொண்டை வறள்வது காற்று சூடாகும்போது அதன் ஈரப்பதம் குறைவதால். வித்தியாசம், அந்தச் சூடு எங்கே போகிறது என்பதில்தான். ராட் ஹீட்டர் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை உடனே சூடாக்கும், அறையை அவ்வளவாக இல்லை. ஒரு ஆள் படிக்கவோ தைக்கவோ உட்கார 400 வாட் போதும். ஃபேன் புளோயர் குளித்துவிட்டு உடை மாற்றும் பத்து நிமிடத்துக்கு நல்லது. தூங்கும் அறைக்கு அதன் சத்தம் ஆகாது. ஆயில் ஹீட்டர் சூடாக அரை மணி நேரம் எடுக்கும், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சூடு தரும், தெர்மோஸ்டாட் இருப்பதால் தானாக நின்று நின்று ஓடும். வயதானவர்கள், குழந்தைகள் தூங்கும் அறைக்கு நான் அதையே சொல்வேன். துணியை மட்டும் அதன் மேல் காயப்போடாதீர்கள்.

2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். எங்கள் வீட்டுக்கு வயரிங் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் சாதாரணச் சின்ன பிளக் பாயின்டைக் காட்டி, "சார், இதுல ஹீட்டர் போட்டா பிளக் உருகிடும், பெரிய பாயின்ட் ஒண்ணு தனியா இழுத்துடலாம்" என்று சொன்னார். அந்த 16 ஆம்பியர் பாயின்டுக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரை மாட்டவே மாட்டோம். இன்னொன்று, ஊரே ஹீட்டர் போடும் சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கினால் ஹீட்டரின் சூடும் சேர்ந்து இறங்கும். 180 வோல்ட்டில் 2,000 வாட் ஹீட்டர் 1,200 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். ஹீட்டர் பழுது என்று நினைக்க வேண்டாம்.

பில் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், உண்மையான சேமிப்பு இங்கேதான். 2022 செப்டம்பரில் வந்த வீட்டு மின்கட்டணத்தின்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 சலுகை போய்விடும். 101-வது யூனிட்டிலிருந்தே 400 வரை 4.50, 500 வரை 6, 500-க்கு மேல் 600 வரை 8. இதன்படி 490 யூனிட்டுக்கு 1,665 ரூபாய். 550 யூனிட்டுக்கு 2,350 ரூபாய். கூடுதலாக எரித்தது 60 யூனிட், கூடுதலாகக் கட்டியது 685 ரூபாய். யூனிட்டுக்குப் பதினொரு ரூபாய்க்கு மேல்! 2024 ஜூலையில் விலை கொஞ்சம் ஏறியது, 500 என்ற எல்லை அப்படியே இருந்தது. அதனால் எங்கள் வீட்டில் மீட்டரை வாரம் ஒருமுறை பார்த்துக் காலண்டரில் எழுதி வைப்போம். குளிர்காலம் முழுக்க 500-க்குள் நிற்பதுதான் இலக்கு. வீட்டில் சாதாரணமாகவே 250 யூனிட் ஓடினால், ஹீட்டருக்கும் கீசருக்கும் கூடுதலாகக் கிடைப்பது ஒரு நாளைக்கு நான்கு யூனிட்தான். இந்த நான்கு யூனிட்டை அறையைச் சூடாக்கச் செலவழிக்கலாம், ஆளைச் சூடாக்கவும் செலவழிக்கலாம்.

ஆளைச் சூடாக்குவதில் முதல் இடம் மின்கம்பளிக்கு. 80 வாட் மின்கம்பளியை விரிப்புக்கு அடியில் போட்டு, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடவிட்டால் 0.08 யூனிட். இரண்டு மாதத்துக்கும் ஐந்து யூனிட்தான்! படுக்கும்போது அணைத்துவிடுவோம், மெத்தை விடிய விடிய இதமாக இருக்கும். சர்க்கரை நோயால் கால் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எவ்வளவு சுடுகிறது என்று தெரியாது, அவர்கள் படுப்பதற்கு முன் கண்டிப்பாக அணைத்துவிட வேண்டும். கம்பளியை மடித்தும் வைக்கக்கூடாது, உள்ளே கம்பி முறியும். மெத்தைக்கு அடியில் கோரைப்பாய், சிவப்புக் காவித் தரையில் சாக்கு விரித்து அதன் மேல் ஜமுக்காளம். காலில் சாக்ஸ், தலையில் குல்லா. ஹீட்டரை 22 டிகிரியில் வைப்பதற்குப் பதில் 18-இல் வைத்தாலே அம்மாவுக்குப் போதுமானதாக இருக்கிறது.

பழைய பங்களாக்களில் ஃபயர்பிளேஸ் இருக்கும். சீகை (வாட்டில்) விறகு நன்றாக எரியும், கற்பூர மர (யூகலிப்டஸ்) விறகும் காய்ந்திருந்தால் பரவாயில்லை. ஆனால் திறந்த ஃபயர்பிளேஸில் பெரும்பகுதி சூடு புகைபோக்கி வழியே போய்விடும். அறைக்காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். விருந்தாளி வந்த அன்று சந்தோஷத்துக்கு எரிக்கலாம், தினமும் அதை நம்ப முடியாது. எரிக்காத நாளில் புகைபோக்கியின் மூடியைச் சாத்தி வைக்க வேண்டும். நெருப்பு முழுவதும் அணைந்த பிறகே சாத்த வேண்டும்.

கரி அடுப்பைப் பற்றி மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இரும்புச் சட்டியில் கரியைப் பழுக்க வைத்து, புகை இல்லையே என்று படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். புகை இல்லாத கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலியும் மயக்கமும் தூக்கக் கலக்கம் போலவே வரும், எழுந்து கதவைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. மலை ஊர்களில் இப்படிக் குடும்பத்தோடு உயிர் போயிருக்கிறது. இடுக்கெல்லாம் அடைத்த வீட்டில் ஆபத்து இன்னும் அதிகம். காட்டேஜில் தங்க வருகிற உறவினர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி எங்கள் வீட்டில் பாக்கி இருப்பது வடக்கு ஜன்னல்தான். ஒற்றைக் கண்ணாடிக்கு உள்பக்கமாக இன்னொரு கண்ணாடிச் சட்டம் போட ஆசாரி அளவெடுத்துப் போயிருக்கிறார். மழைக்கு முன்னால் மரம் காய்ந்து கிடைத்தால் இந்த வருடமே மாட்டிவிடுவோம்.