சங்கமா, கம்பெனியா: கடலைச் செக்குக்கு நாங்கள் எடுத்த முடிவு

ஆரணிப் பக்கம் நிலக்கடலை போடும் நாங்கள் சிலர் சேர்ந்து செக்கு வைக்கலாம் என்று பேசியபோது, எதன் கீழ் பதிவது என்பதில்தான் முதலில் நின்றோம். 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் சங்கமாகவா, கம்பெனி சட்டத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவா? கம்பெனியாகப் பதிந்தோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பது இரண்டிலும் உண்டு. கூட்டுறவின் குணத்தைக் கம்பெனிக்குள் கொண்டுவரத்தான் 2002-ல் இந்த வடிவத்தையே சட்டத்தில் சேர்த்தார்கள். பத்து விவசாயிகள் இருந்தால் போதும், பதியலாம். இயக்குநர்கள் 5 முதல் 15 பேர். பங்கை வெளியாளுக்கு விற்க வழியில்லை.

சங்கம் நடத்திய அனுபவம் எனக்கில்லை. பால் சங்கத்தில் உறுப்பினராக இருந்து பார்த்ததுதான். அதில் என்னை உறுத்தியது ஒன்று. நிர்வாகக் குழுவைக் கலைத்துத் தனி அலுவலரைப் போடும் அதிகாரம் அரசின் கூட்டுறவுச் சங்கப் பதிவாளரிடம் இருக்கிறது. கடலையை எப்போது விற்பது, எண்ணெய்க்கு என்ன விலை வைப்பது என்பதைக் கடலை போட்டவர்களே முடிவு செய்ய வேண்டும் என்று நினைத்தோம். வரி விஷயத்தில் சங்கத்தின் கை ஓங்கியிருப்பதும் உண்மை. 2018 பட்ஜெட்டில் நம் மாதிரி நிறுவனங்களுக்குக் கொடுத்த விலக்கு காலவரை போட்டது. கூட்டுறவுச் சங்கங்களுக்கான வருமான வரிச் சலுகை பல வருடமாக இருக்கிறது.

சரி, கம்பெனி எடுத்தால் எங்கே அடி விழும்? வருடா வருடம் தாக்கல் செய்ய வேண்டிய கணக்கில். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 30 நாளில் வரவு செலவுக் கணக்கு, 60 நாளில் ஆண்டறிக்கை, இரண்டும் கம்பெனிப் பதிவாளருக்கு (ஆர்ஓசி) போக வேண்டும். தவறினால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. இரண்டாம் வருடம் படிவத்தில் போட வேண்டிய எங்கள் தலைவரின் டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாகிக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதைப் புதுப்பித்து, ஆடிட்டரைப் பிடித்து, தாக்கல் செய்வதற்குள் முதல் படிவம் 140 நாள் தாமதம், இரண்டாவது 110 நாள். மொத்தம் 25,000 ரூபாய் போய்விட்டது. செக்குக்கு மோட்டார் மாற்ற ஒதுக்கிய பணம் அது.

பணத்தோடு முடிந்தால் பரவாயில்லை. தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. மானியம் வரும் என்று பதிந்துவிட்டு அப்புறம் கணக்கை மறந்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். சங்கத்தில் இந்த நாள் கணக்கு அபராதம் இல்லை. தணிக்கையும் கூட்டுறவுத் தணிக்கைத் துறை வழியாகவே நடக்கும்.

பயிர்க்கடனும் உரமும்தான் முக்கியத் தேவை என்றால், ஊரில் இருக்கும் கூட்டுறவுச் சங்கத்திலேயே உறுப்பினராகச் சேர்ந்துகொள்ளலாம். விளைந்ததை அரைத்து, பாட்டிலில் அடைத்து, வெளியூருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்குக் கம்பெனி. ஆனால் பதியும் முன்பே ஆடிட்டர் செலவு எங்கிருந்து வரும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இப்போது ஒவ்வொரு மூட்டை விற்பனையிலும் கொஞ்சம் எடுத்துத் தனிக் கணக்கில் போடுகிறோம். டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாகும் தேதி செக்குக் கொட்டகைச் சுவரில் பெயின்டால் எழுதியிருக்கிறது.