கர்ப்பிணிகளுக்கான குளுக்கோஸ் டெஸ்ட்: திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு லேப்

கரைசல் கலக்குவதில் இந்த லேபுக்கு முழு மார்க். டெஸ்ட்டுக்குக் குடிக்க வேண்டிய 75 கிராம் என்பது நீர் சேராத குளுக்கோஸுக்கான கணக்கு; மோனோஹைட்ரேட் (நீர் சேர்ந்த) பொடியென்றால் 82.5 கிராம் வேண்டும். பாக்கெட்டைப் பார்த்து, தராசில் நிறுத்து, 300 மில்லி தண்ணீரில் கண்ணெதிரே கரைக்கிறார்கள். ஸ்பூன் கணக்கே கிடையாது. பத்து நிமிஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்வதுதான் வீண் கெடுபிடி. இங்கே செய்வது, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுக்கும் முறை. சென்னை சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. சேஷய்யா முன்னெடுத்தது, அரசு வழிகாட்டுதலிலும் இதுதான். சாப்பிட்டுவிட்டு வந்தாலும் செய்யலாம். அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பிள்ளைத்தாச்சியைப் பட்டினி போட்டால் குமட்டல்தான் மிச்சம்.

பெரிய குறை ரத்தம் எடுத்த பிறகு. சாம்பல் மூடிக் குழாயில்தான் எடுக்கிறார்கள், சரி. ஆனால் அதிலுள்ள ஃப்ளோரைடு முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் சர்க்கரை குறைவதை முழுசாகத் தடுக்காது. ரத்த அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை தின்றுவிடும். மத்தவங்க குழாயெல்லாம் சேரட்டும் என்று ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் 145 இருந்தது 136 ஆகிவிடும். கர்ப்பகாலச் சர்க்கரைக்கு எல்லை 140. நோய் இருக்கிற பெண்ணை இல்லையென்று வீட்டுக்கு அனுப்புவது இப்படித்தான். உடனே மெஷினில் சுற்றிப் பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய ரத்த நீரை) பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் செய்கிறார்கள்.

ரிப்போர்ட்டிலும் கவனம் வேண்டும். எல்லோருக்கும் போடும் அளவையே அச்சடிக்கிறார்கள்: 140 முதல் 199 வரை 'பார்டர்'. கர்ப்பிணிக்கு அப்படி ஒரு பார்டரே கிடையாது. 152 வந்தால் அது கர்ப்பகாலச் சர்க்கரைதான், டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. பிள்ளையே கூடுதலாக இன்சுலின் சுரந்து பருக்கும். நஞ்சுக்கொடியில் அழற்சி கூடலாம். தொப்புள்கொடி ரத்தக்குழாய்களைச் சுற்றியுள்ள ஜெல்லி தடித்து, ஸ்கேனில் கொடி பருத்துத் தெரிவதும் உண்டு.

அழற்சி என்று சொல்லித்தான் பேக்கேஜில் சிஆர்பியை (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்த டெஸ்ட்) சேர்க்கிறார்கள். கர்ப்பத்தில் அது தானாகவே கொஞ்சம் ஏறும். இந்த நோயைக் கண்டுபிடிக்க உதவாது. மூன்று மாதச் சர்க்கரை சராசரி டெஸ்ட்டும் (HbA1c) ரத்தசோகை இருந்தால் தப்பாகக் காட்டும். குளுக்கோஸ் டெஸ்ட் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். முதல் தடவை நார்மல் வந்தவர்களுக்கு 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி வரச் சொல்லி மெசேஜ் அனுப்புவது அருமை.

கையில் கொடுக்கும் உணவுத்தாளில் ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்: 'சீனிக்குப் பதில் கருப்பட்டி சேர்க்கலாம்.' உடன்குடிக் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். உளுந்தங்களியில் ஒரு கட்டி போட்டுச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால், 120-க்குள் இருக்க வேண்டியது எங்கோ போய் நிற்கும்.