மார்கழி சபா: மதியக் கச்சேரியா, மாலைக் கச்சேரியா?

சென்னை டிசம்பர் சீசனில் பெரும்பாலான சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. 12 மணிக்கோ 2 மணிக்கோ தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடியும். பாடுவது பெரும்பாலும் இளம் கலைஞர்கள். மாலைக் கச்சேரி டிக்கெட்டோடு இரண்டரை மணி நேரம் வரை போகும்.

முக்கிய வித்தியாசம் நேரம்தான். மதியத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வர்ணம் (தொடக்க உருப்படி), இரண்டு மூன்று கீர்த்தனைகள், ஒரு மெயின் (விரிவாகப் பாடும் முக்கியப் பாடல்), தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) என்று அடக்க வேண்டும். ஆலாபனை, அதாவது தாளமில்லாமல் ராகத்தை விரிப்பது, சுருங்கும்; முன்பாதியில் நேரம் ஓடிவிட்டால் அடி வாங்குவது தனிதான். மாலையில் ராகம்-தானம்-பல்லவிக்கு, அதாவது ஒரு ராகத்தையும் ஒரு பல்லவி வரியையும் நீளமாக விரித்துப் பாடுவதற்கு, இடமுண்டு. தோடி, கல்யாணி போன்ற பெரிய ராகங்கள் நிதானமாக விரிவதைக் கேட்க வேண்டுமென்றால் மாலைக்கே போங்கள்.

ஆனால் மதியத்தில் முன்வரிசை கிடைக்கும். மிருதங்கக்காரர் தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) ரவையைப் பிசைந்து அப்புவதையும், வலந்தலை (வலப்பக்கம்) விளிம்பைக் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பதையும் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். ஏசி குளிரில் சுருதி நகரும் என்பதால் நடுவிலும் தட்டுவார்.

மாலைக்குப் பெரிய பெயர்களின் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். பால்கனிக்கு அடியில் கடைசி வரிசைகளைத் தவிருங்கள், அங்கே ஒலி மங்கும். இருக்கை எதுவானாலும் தனி தொடங்கியதும் கேண்டீனுக்கு எழும் கூட்டம் உங்கள் முழங்காலை இடித்துக்கொண்டுதான் போகும்.

சங்கீதத்துக்குப் புதியவரென்றால் மூன்று மதியங்கள், பிறகு ஒரு மாலை.