சுற்றுச்சூழல் உயிரியல் துணைப்பாடம்: சேரும் முன் செய்முறை அட்டவணையைக் கேளுங்கள்

இளங்கலையில் சுற்றுச்சூழல் உயிரியலைத் துணைப்பாடமாக எடுப்பவருக்குப் பெரும்பாலும் ஐந்தாறு தாள்கள் கிடைக்கும். சூழலியல் அடிப்படை, உயிரினப் பன்மை, மாசும் நச்சியலும், பாதுகாப்பு உயிரியல், களச் செய்முறை என்று எங்கே பார்த்தாலும் தலைப்புகள் ஏறக்குறைய ஒன்றுதான். தரம் மட்டும் இடத்துக்கு இடம் ஏணி வைத்தாலும் எட்டாத அளவு மாறும். அதைப் பாடத்திட்டத்தைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாது. செய்முறைக்கு எத்தனை மணி நேரம், அதில் எத்தனை மணி வெளியில் என்று பார்த்தால்தான் தெரியும்.

கோட்பாட்டுத் தாள்களில் பெரிய குறை இல்லை. 1866இல் ஹெக்கல் சூழலியலுக்குப் பெயரிட்டது, 1935இல் டான்ஸ்லி சூழல் மண்டலம் என்ற கருத்தை முன்வைத்தது, 1942இல் லிண்டமன் ஆற்றல் ஓட்டத்தைக் கணக்கிட்டது எல்லாம் தனியாகப் படித்தாலும் புரிந்துவிடும். ஓர் எச்சரிக்கை மட்டும்: ஒரு உணவு மட்டத்திலிருந்து அடுத்ததற்கு 10 சதவீத ஆற்றல் போகிறது என்பதை மாறாத விதிபோல் நடத்தினால் அந்தத் தாளை நம்ப வேண்டாம். அது தோராயமான சராசரி. உண்மையான அளவு மண்டலத்துக்கு மண்டலம் நிறையவே மாறும்.

இந்தப் பாடத்தின் உயிர் செய்முறையில்தான் இருக்கிறது. நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையை எப்படி நடத்துகிறார்கள் என்பதை வைத்தே ஒரு துறையை எடைபோட்டுவிடலாம். 1888இல் வந்த முறை, இன்றும் உணர்கருவிகளைச் சரிபார்க்க உதவுகிறது. 300 மி.லி. குடுவையை நீருக்குள்ளேயே நிரப்பி, குமிழி இல்லாமல் மூடி, மாங்கனீஸ் சல்பேட்டு 1 மி.லி., கார அயோடைடு–அசைடு 1 மி.லி. சேர்க்க வேண்டும். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் உண்டு, வெள்ளையாகவே நின்றால் இல்லை. படிவு இறங்கியதும் அடர் கந்தக அமிலம் 1 மி.லி. விட்டுக் கலக்கினால் அயோடின் வெளிப்படும். அதில் 200 மி.லி. எடுத்து 0.025 நார்மல் சோடியம் தயோசல்பேட்டால் டைட்ரேஷன் (நிறம் மறையும் வரை துளித்துளியாக விட்டு அளப்பது) செய்தால், செலவான ஒவ்வொரு மி.லி.க்கும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன் என்று நேரடியாகவே வாசிக்கலாம்.

தவறுகள் நடக்கும் இடங்களும் தெரிந்தவைதான். ஆற்றங்கரையில் முதல் இரண்டு கரைசல்களையும் சேர்க்காமல் வெறும் நீரை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால், வழியிலேயே நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். நிறம் வைக்கோல் மஞ்சளாக வெளிறும் முன்பே, அயோடினை நீலமாகக் காட்டும் ஸ்டார்ச்சை விட்டால் அயோடினை அது பிடித்துக்கொள்ள, முடிவுப்புள்ளி இழுத்துக்கொண்டே போகும். நீல நிறம் மறைந்து உடனே திரும்பினால் நைட்ரைட்டின் குறுக்கீடாக இருக்கலாம். அதைத் தடுக்கும் அசைடு பழையதா என்று பாருங்கள். 30 டிகிரி செல்சியஸில் நன்னீர் காற்றோடு சமநிலையில் வைத்திருக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு சுமார் 7.6 மி.கி. அசையாத குளத்து நீரில் 12 வந்தால் ஒன்று பாசியின் ஒளிச்சேர்க்கை, இல்லையென்றால் குடுவையில் மாட்டிய குமிழி. எது என்று மாணவரை யோசிக்கவைக்கும் வகுப்புதான் நல்ல வகுப்பு. அதே குளத்தில் விடியலுக்குச் சற்று முன்னால்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு, மீன் சாவதும் பெரும்பாலும் அப்போதுதான். எப்போதும் மதியம் இரண்டு மணிக்கே மாதிரி எடுக்கும் துறையில் இதைப் பார்க்கவே வாய்ப்பில்லை.

தாவரக் கணக்கெடுப்பிலும் இதே கதைதான். குவாட்ரட் எனப்படும் சதுரச் சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் வீசி எறிவதைச் சமவாய்ப்பு என்று சொல்லிக்கொடுக்கும் இடங்கள் இன்னும் உண்டு. அது சமவாய்ப்பே அல்ல. எறிபவரின் கையும், முள் இல்லாத இடம் தேடும் கண்ணும் அதில் கலந்துவிடுகின்றன. இரண்டு அளவுநாடாக்களைச் செங்குத்தாக விரித்து, சமவாய்ப்பு எண்களை ஆயத்தொலைவுகளாக எடுக்க வேண்டும். சிறுசெடிகளுக்கு 1×1 மீட்டர், புதர்களுக்கு 5×5, மரங்களுக்கு 10×10 என்பது பொது வழக்கம். எத்தனை சட்டம் போதும் என்பதைப் புதிய இனங்கள் சேரும் வரைகோடு தட்டையாவதை வைத்து முடிவுசெய்ய வேண்டும்.

புள்ளியியல் இல்லாத துணைப்பாடத்தை எடுக்கவே வேண்டாம். ஆலைக் கழிவு சேரும் இடத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று பத்துப் பத்து மாதிரி எடுத்து, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை போடுவது மாணவர் திட்டப்பணிகளில் சலிக்காமல் வரும் பிழை. அங்கே இருப்பது இரண்டு இடங்கள்தான், இருபது அல்ல. அந்த வேறுபாடு கழிவால் வந்ததா, இடத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஹர்ல்பர்ட் 1984இல் இதைப் போலி மறுபதிவு என்று விரிவாக எழுதியும் இன்னும் நிற்கவில்லை. இனப் பன்மையை அளக்கும் ஷானன் குறியீட்டில் மடக்கையின் அடிமானத்தைக் குறிப்பிடாமல் விடுவதும் அப்படித்தான்: சம எண்ணிக்கையில் இரண்டு இனங்கள் இருந்தால் இயல்மடக்கையில் 0.69, அடிமானம் 2இல் 1. பிடித்துக் குறியிட்டு விட்டு மறுபடி பிடிக்கும் முறையில் 40 பூச்சிகளுக்குக் குறியிட்டு, மறுமுறை பிடித்த 50இல் 10 குறியுள்ளவை என்றால் மொத்தப் பூச்சிகளின் எண்ணிக்கையாக எளிய சூத்திரம் 200 தரும், சாப்மன் திருத்தம் 189 தரும். சிறு மாதிரிகளுக்குத் திருத்தம்தான் நம்பகமானது.

இனங்களை அடையாளம் காண்பதில் இந்தப் பாடம் பலவீனமானது, நேரம் போதாது. இருக்கும் நேரத்தில் நீர்ப்பூச்சி இளவுயிரிகளை வரிசை (order) அளவில் பிரிக்கக் கற்றால் போதும். வயிற்றின் ஓரமாகச் செவுளும் பெரும்பாலும் மூன்று வாலும் இருந்தால் மேஃப்ளை, இரண்டு வால் என்றால் ஸ்டோன்ஃப்ளை, மணலோ குச்சியோ ஒட்டிய கூட்டுக்குள் இருந்தால் கேடிஸ்ஃப்ளை. மூன்றும் பொதுவாக மாசைத் தாங்காதவை என்பதால் நீரின் பல மாத வரலாற்றைச் சொல்லும். வேதியியல் சோதனை அந்த ஒரு நொடியைத்தான் சொல்லும்.

வேதியியல், புள்ளியியல், புவியியல், கணினி படிப்போருக்கு இது மிக நல்ல துணை. விலங்கியல், தாவரவியல் படிப்போர் சேரும் முன் தாள்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், கணிசமான பகுதி திரும்ப வரும். களச் சூழலியலாளராக வேலை தேடுவோருக்கு இது மட்டும் போதாது. ஒரு உயிரினக் குழுவில் ஆழமான பரிச்சயமும் புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) கணினி மொழியும் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சேரும் முன் சென்ற ஆண்டு மாணவரின் களக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேதி, நேரம், வானிலை, மழையில் கரையாத பென்சில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, குவாட்ரட் அட்டவணையில் பூஜ்யங்களைத் தேடுங்கள். உண்மையான நிலத்தில் பெரும்பாலான இனங்கள் பெரும்பாலான சட்டங்களில் இருப்பதில்லை. கட்டத்துக்குக் கட்டம் 3, 5, 4 என்று நிரம்பியிருந்தால் அந்த எண்கள் வகுப்பறையில் உட்கார்ந்து எழுதியவை.